பக்கத்துக்குப் பக்கம் ஒரு பொட்டு

இலவசமாக ஞானம் கொடுப்பதில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தேர் இழுப்பதில் சண்டை வரும், சரி. அன்னதானத்தில் யார் முதல் கரண்டி போடுவது என்று சண்டை வரும், அதுவும் சரி. அச்சில் இல்லாத பழைய ஆன்மிகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, பைசா வாங்காமல், இன்டர்நெட்டில் ஏற்றி உலகத்துக்குக் கொடுப்பதில் என்னய்யா சண்டை? ஆனால் 2006-ம் வருடத்து ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது சனிக்கிழமை அந்தச் சண்டைதான் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தது.

என் பெயர் பங்கிராஸ். தேனியில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கும் செல்வி துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். துப்பறிவது ஞானசெல்வி அக்கா. நான் டீ வாங்குவேன், பஸ்ஸில் சீட் பிடிப்பேன், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பேன். எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தே அவனுக்கு வேலை உண்டா இல்லையா என்று அக்கா சொல்லிவிடுவார். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு அவர் ஏன் இன்னும் உரக்கடை மாடியில் இருக்கிறார் என்பதுதான் என்னால் துப்பறிய முடியாத ஒரே விஷயம்.

வந்தவர்கள் அம்மாவும் மகளும். உத்தமபாளையம் பக்கத்துக் கிராமம். அம்மா செபஸ்தியம்மாள் படியேறும்போதே அழுதுகொண்டு வந்தாள். மகள் ஜெசிந்தா அழவில்லை. கோபத்தில் அவளுக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு தாள்ல கையெழுத்துப் போடணுமாம். புத்தகத்த நாந்தான் திருடி கம்பத்துக்காரருக்கு வித்தேன்னு. போட்டா மன்னிச்சு விட்டுருவாகளாம். போடலைன்னா போலீசு."

"நாளைக்கு மூணாவது ஓலை ஆத்தா!" என்று அம்மா ஒரு மூச்சு அழுதாள்.

அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் கிறிஸ்தவக் கோயில் வழக்கத்தை நான்தான் விளக்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை ஃபாதர் வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். அதற்குப் பெயர் ஓலை வாசிப்பது.

"நாம ஒளிஞ்சு ஒளிஞ்சு பண்ற மாப்பிள்ளை விசாரணைய எங்க ஆளுக மைக் வச்சுப் பண்ணுவாகக்கா. நம்ம பொழப்பக் கெடுக்குற ஏற்பாடு."

"வாய மூடுறா," என்றார் அக்கா. பிறகு ஜெசிந்தாவிடம், "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

"அரசல்புரசலாக் கேட்டுருக்காக. கையெழுத்துன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவாக. எனக்குக் கல்யாணம் நின்னாக்கூட ஒண்ணுமில்லக்கா. திருடின்னு பேரு வச்சிக்கிட்டு நான் எந்த ஆபீசுல போயி ஒக்கார?"

அவள் சொன்ன கதை இது. பழனிசெட்டிபட்டியில் மலைச்சாமி என்று ஓர் ஏலக்காய் வியாபாரி. 'மலைச்சாமி ஞானப்பேழை' என்று இலவச இணைய நூலகம் நடத்துகிறார். நானும் அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் மலைச்சாமி கைகூப்பி நிற்பார். அடுத்து அவருடைய அப்பா, அம்மா, ஏலத்தோட்டம், தோட்டத்துக்குப் போகும் ஜீப். அதற்கப்புறம்தான் கடவுள் வாழ்த்து. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக அவர் பெயர் பெரிய எழுத்தில் ஓடும். சித்தர் என்ன சொன்னார் என்று தெரிய மலைச்சாமியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும்.

இவருடைய பழைய கூட்டாளி, கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாகராஜ். நூலகத்தில் யார் போட்டோ முதலில் என்று தகராறு வந்து, பிரிந்து போய், கம்பத்தில் 'நாகராஜ் ஞானச்சுரங்கம்' ஆரம்பித்துவிட்டார். அதுவும் இலவசம். அதிலும் குறுக்கே பெயர்.

ஜெசிந்தா மலைச்சாமியிடம் ஸ்கேன் செய்யும் வேலை பார்க்கிறாள். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கும் பஞ்சம்மாள் என்பவர் வீட்டில் 'பூண்டுச் சாமி உபதேசம்' என்று ஒரு புத்தகம். அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் அச்சானது, வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது. அதை மலைச்சாமி கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்தார். ஆயுத பூஜை முடிந்து ஸ்கேன் செய்யலாம் என்று அலமாரியில் வைத்திருந்தது.

"சனிக்கிழம சாவிய அய்யாகிட்ட குடுத்துட்டு ஊருக்குப் போனேன்க்கா. ஞாயித்துக்கிழம மொத ஓலை. அன்னைக்குத்தான் ஆபீசுல பூஜ. செவ்வாக்கிழம காலைல வந்து பாக்குறேன், புத்தகத்தக் காணோம். சனிக்கிழமையே பையில வச்சு நான் கொண்டுபோயிட்டேங்கறாக அய்யா. போன வாரம் கம்பத்துக்காரரு சைட்ல புத்தகம் முழுசா வந்துருச்சு. அதான் சாட்சியாம். அன்னைலருந்து நான் எது செஞ்சாலும் குத்தம். மெஷின்ல வச்ச பொட்டத் தொடச்சதுக்குக்கூட குதிகுதின்னு குதிச்சாக. அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். அது ஒரு தப்பா?"

"புத்தகத்துக்காரம்மா என்ன சொல்றாக?"

"அவுகளுக்குத் தெரியாதுக்கா. சொன்னா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாக, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு அய்யா சொல்லிட்டாக."

அக்கா எழுந்து கைப்பையை மாட்டினார். "பங்கிராசு, கம்பத்துக்கு பஸ் எத்தன மணிக்கு?"

"அக்கா, இன்னும் டீயே வரல."

"அங்கன போயிக் குடிச்சுக்கலாம்."

கம்பத்தில் நாகராஜின் பிரவுசிங் சென்டரைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே சாம்பிராணிப் புகையில் கம்ப்யூட்டர்கள் இருமாமல் இருந்ததே பெரிசு. திரையில் பூண்டுச் சாமி உபதேசத்தின் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், நட்ட நடுவில், ஒரு பொட்டு! முதல் பக்கத்தில் பொட்டு, கடைசிப் பக்கத்திலும் பொட்டு. ஒரு பக்கம் தவறவில்லை. ஒரு கிழவர் மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார். குமுளிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, "அற்புதம் தன்னே!" என்று மலையாளத்தில் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாகராஜ் நெற்றி நிறைய திருநீறுடன் நடுவில் நின்றார். கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர் என்று சொன்னால் இப்போது அவரே கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

"வாங்கம்மா. ஞானம் இலவசம். கலர் பிரிண்டும் இலவசம். லேமினேசன் மட்டும் பதினஞ்சு ரூவா."

அக்கா ஒரு பிரிண்டை வாங்கிக்கொண்டார். "புத்தகம் எப்படிங்கய்யா கெடச்சுச்சு?"

"பூண்டுச் சாமி கனவுல வந்து குடுத்தாரு."

"கனவுல சி.டி.யாக் குடுத்தாரா, பென் டிரைவாக் குடுத்தாரா?" என்று நான் கேட்டேன்.

"சி.டி.தான்," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். திருட்டு வழக்கு, போலீஸ் என்று இரண்டு வார்த்தைதான் பேசினார். நாகராஜின் திருநீறு வியர்வையில் ஒழுக ஆரம்பித்தது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா! விஜயதசமிக்கு மறுநாள் கட தெறக்க வந்தேன். ஷட்டருக்கு அடியில ஒரு கவரு. உள்ள சி.டி. பேரு இல்ல, ஊரு இல்ல. போட்டுப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் பொட்டு! இத நான் சைட்ல போடாம இருந்தா, அந்த மலைச்சாமி போட்டுருவான்ல?"

"அந்தப் பொண்ணு ஜெசிந்தா?"

"அந்தப் புள்ளைய நான் பாத்து வருசமாச்சு."

வெளியே வந்ததும் நான் பொறுமையிழந்தேன். "அக்கா, இந்தாளு பொய் சொல்லல, ஆனா மெய்யும் சொல்லல. கையில பிரிண்டு இருக்கு, அத வச்சு என்ன பண்ண? சட்டைப் பையில வச்சா காய்ச்சல் வராதாம்."

அக்கா பிரிண்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பொட்டு வைக்கிறப்ப மொதல்ல என்ன வைப்பாக?"

"எங்க வீட்ல சிலுவ போடுவோம்க்கா."

"என் நெத்தியப் பாருடா எருமை."

பார்த்தேன். எப்போதும் போலக் கீழே சந்தனம், அதற்கு மேல் குங்குமம். மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு.

"இப்ப பிரிண்டப் பாரு."

அட! அந்தக் கம்பத்துக் கூட்டத்தில் எத்தனை பேர் கும்பிட்டார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லையே! பிரிண்டில் இருந்த பொட்டில் நடுவில் சந்தனம், சுற்றிலும் விளிம்பாகக் குங்குமம். தலைகீழ்.

"ஒலகத்துல எவனாச்சும் குங்குமத்த வச்சு அதுக்கு மேல சந்தனம் வைப்பானா?" என்றார் அக்கா. கைப்பையிலிருந்து கோயில் பிரசாத இலையை எடுத்தார். பஸ் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகச் சந்தனத்தை ஒரு விரலால் ஒற்றினார். அதன் மேல் கட்டைவிரலால் குங்குமத்தை அப்பினார். "எறங்கிப் போயி வெளிய நின்னு பாரு."

இறங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் நடுவில் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. அச்சு அசலாகப் பிரிண்டில் இருந்த பொட்டு! உள்ளே ஓடி வந்தபோது கண்டக்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு யாரோ பூஜை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, பயபக்தியுடன் தள்ளி நின்றார்.

"பொட்டு புத்தகத்துல இல்லடா. ஸ்கேன் மெஷின் கண்ணாடில இருக்கு. மெஷினுக்குக் கண்ணு கண்ணாடிக்கு உள்ள. அது பொட்டப் பின்பக்கமாப் பாக்குது. எந்தப் பக்கத்தக் கவுத்து வச்சாலும் அதே எடத்துல அதே பொட்டு. இப்பச் சொல்லு, பொட்ட அழுக்குன்னு தொடச்சது யாரு?"

எனக்குப் புல்லரித்தது. ஜெசிந்தா! ஆயுத பூஜையில் யாரோ மெஷினுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மூடி மேல் வைக்காமல் மூடியைத் திறந்து கண்ணாடியில் வைத்திருக்கிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் ஜெசிந்தா அதைத் துடைத்துவிட்டாள். அந்த இடைவெளியில்தான் புத்தகம் மலைச்சாமி ஆபீசிலேயே, மலைச்சாமி மெஷினிலேயே ஸ்கேன் ஆகியிருக்கிறது. ஜெசிந்தா அப்போது ஊரில், கோயிலில், ஊரே பார்க்க முதல் ஓலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூஜ அன்னைக்குப் புத்தகத்தத் தொடக் கூடாது, படிக்கக் கூடாதும்பாகளே. ஆபீசுக்கு ஒரு ஈ காக்கா வராது. திருடனுக்கு வசதி," என்றேன். "ஆனா அந்தக் கூமுட்ட பொட்டத் தொடச்சிட்டு ஸ்கேன் பண்ணிருக்கலாமே?"

"நீயா இருந்தா?"

"கைலியால ஒரு இழுப்பு."

"ஜெசிந்தாவா இருந்தா?"

"அதான் தொடச்சிட்டாளே."

"நானா இருந்தா தொடைக்க மாட்டேன்டா," என்றார் அக்கா. "பூஜைக்கு வச்ச பொட்டு. கை வராது. இந்தத் திருடனுக்குப் புத்தகத்தத் தூக்கக் கை வந்துருக்கு, பொட்ட அழிக்கக் கை வரல. அம்புட்டு பக்தி. அப்படிப்பட்ட ஆளு சாமி புத்தகத்தத் திருடி வீட்டுல வச்சிக்கிட்டு ராத்திரி நிம்மதியாத் தூங்குவானா?"

"தூங்க மாட்டான். என்ன பண்ணுவான்?"

"எங்கருந்து வந்துச்சோ அங்கன கொண்டுபோயிச் சேத்துருவான். இத்தன பேரு இத்தன நாளா அலையிறாக, புத்தகத்துக்குச் சொந்தக்காரம்மாகிட்ட ஒருத்தராச்சும் போயிக் கேட்டாகளா?"

வடுகபட்டியில் இறங்கியதும் பூண்டு வாசம் எங்களைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. பஞ்சம்மாள் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு லாரி டிரைவரைக் கிழித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வெடித்துச் சாகிற உடம்பாக எனக்குத் தெரியவில்லை. டிரைவருக்கு வேண்டுமானால் வெடித்திருக்கும்.

"பூண்டுச் சாமி புத்தகமா? அது வந்துருச்சே!" என்றார் அவர்.

"எப்பம்மா?"

"விஜயதசமி அன்னைக்கே. மலைச்சாமி அண்ணாச்சியே கார்ல வந்தாக. தட்டுல பழம், பூவு, வெத்தல பாக்கு எல்லாம் வச்சு மேல புத்தகத்த வச்சுக் குடுத்தாக. கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் குடுத்தாக. பெரிய மனுசன்னா பெரிய மனுசந்தான்."

அக்கா புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். உச்சியில் மங்கலாகச் சிவப்புக் கறை. கண்ணாடிப் பொட்டின் மேல்பக்கம், அதாவது குங்குமம், ஒட்டிக்கொண்ட இடம். அடுத்த இரண்டு மூன்று பக்கங்களில் லேசாக. அதற்குப் பிறகு கடைசி வரை பழுப்புத் தாள்தான், ஒரு பொட்டும் இல்லை.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். "அக்கா! தொலைஞ்சதுன்னு கத்துற ஆளே..."

"நாகராஜத் திருடன்னு ஊருக்குக் காட்டணும். அதுக்குத் திருட்டுப் பொருள அவரு கடையில போட்டாச்சு. நாகராஜுக்கு வாயில சர்க்கர விழுந்த மாதிரி, கேக்காமக் கொள்ளாம ஏத்திட்டாரு," என்றார் அக்கா. பிறகு பஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜெசிந்தாவின் ஓலையையும் சேர்த்து.

பஞ்சம்மாள் கையிலிருந்த பூண்டை மூட்டையில் போட்டார். முகம் சுண்டிவிட்டது. "அடப்பாவி மனுசா! ஒரு பொட்டப்புள்ள பேர வச்சா வெளையாடுவாக? நான் வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு. அந்தப் புள்ளதான் பயந்துபோயி புத்தகத்தத் திருப்பிக் குடுத்துச்சு, அவ மானத்தக் காப்பாத்த நாந்தான் மறைச்சேன்னு அவுக சொல்லிட்டா என் பேச்சு நிக்குமா?"

"நிக்காது," என்றார் அக்கா. "பொட்டு நான் வைக்கவே இல்ல, கம்பத்துல வச்சிருப்பாகன்னு சொன்னாலும் அம்புட்டுத்தான். கண்ணாடியத்தான் தொடச்சாச்சே. அவுக வாயாலயே வரணும்."

"அதுக்கு அடிச்சுத்தான் கேக்கணும்," என்றேன்.

"அடிக்க வேணாம்டா. புகழ்ந்தாப் போதும். அவரையில்ல, இன்னொருத்தர." அக்கா செல்போனை எடுத்து நாகராஜைக் கூப்பிட்டார். சாயங்காலம் பழனிசெட்டிபட்டியில் அவருக்குப் பொன்னாடை என்றார். சரி என்று சொல்ல அந்த மனிதர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தும்மல்கூடப் போட முடியாது.

அஞ்சு மணிக்கு ஞானப்பேழை ஹாலில் மலைச்சாமி சாட்சிக்கு நாலு பெரிய மனிதர்களையும் ஒரு பத்திரிகை நிருபரையும் உட்கார வைத்திருந்தார். நாலு சுவரிலும் அவர் போட்டோ. மேஜை மேல் அந்தத் தாள், பக்கத்தில் பேனா. எதிரே ஜெசிந்தா நின்றாள். அவள் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாள் வாசலுக்கு வெளியே, மஞ்சள் பையோடு நின்றுகொண்டார்.

நாகராஜ் லேமினேசன் கட்டோடு நுழைந்ததும் மலைச்சாமிக்கு முகம் மலர்ந்தது. திருடன் தானே வந்து சிக்கினான் என்ற சந்தோஷம்.

"அய்யா, ஜெசிந்தா கையெழுத்துப் போடட்டும்," என்று ஆரம்பித்தார் அக்கா. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியத்த முடிச்சுருவோம். புத்தகம் திருட்டு வழியா வந்தா என்ன, எந்த வழியா வந்தா என்ன? நாகராஜ் அய்யா கை பட்டதும் பக்கத்துக்குப் பக்கம் பொட்டு வந்துருக்கு. கம்பத்துல தெருவே நெறஞ்சு கெடக்கு. குமுளில இருந்தெல்லாம் ஆளு வருது. என்ன தவம் செஞ்சாகளோ!"

நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் சாமி அருள்மா. எங்கைல ஒரு ராசி இருக்குன்னு சின்னதுலயே சொல்லுவாக."

மலைச்சாமியின் மீசை துடித்தது.

"நிருபர் தம்பி, எழுதிக்கங்க," என்றார் அக்கா. "ஞானப்பேழைல இத்தன புத்தகம் ஸ்கேன் பண்ணிருக்காக. ஒண்ணுலயாச்சும் பொட்டு வந்துச்சா? வரல. சாமி ஆளப் பாத்துத்தான் எறங்கும் போல."

"எறங்கும் எறங்கும்," என்றார் மலைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

"கம்பத்துல ஒரு தியான மண்டபம் கட்டப் பேசிக்கிறாகளாம். பூண்டுச் சாமி படம் ஒரு பக்கம், நாகராஜ் அய்யா போட்டோ ஒரு பக்கம்."

"போட்டோவா!" மலைச்சாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாரு போட்டோவ யாரு மண்டபத்துல வைக்கிறது? இவன் கைராசியா? இவன் கை பட்டா ஊதுவத்தி அணைஞ்சுபோகும்! அது என் பொட்டும்மா! இந்தா, இந்த வெரலு! இந்த வெரலால நான் வச்ச பொட்டு!"

"நீங்களா? எப்படிய்யா?" அக்கா கண்ணை அகல விரித்தார்.

"மூடி மேல வச்சா மெஷினுக்கு வச்ச மாதிரியா? அதுக்கு மொகம் கண்ணாடிதான? தெறந்து, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சேன். பூஜ பண்ண பொட்டு, அழிக்க மனசு வரல. அப்படியே ஸ்கேன் பண்ணேன். ஒத்த ஆளா, ஒவ்வொரு பக்கமா, விடிய விடிய நான் ஒக்காந்து எடுத்தது! இவன் என்ன பண்ணான்? ஷட்டருக்கு அடியில கெடந்த சி.டி.யப் பொறுக்கினான்! அற்புதம்னா அது எங்கையிலருந்து வந்த அற்புதம்! எழுதுங்க தம்பி, மலைச்சாமின்னு எழுதுங்க!"

நிருபர் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மலைச்சாமியைப் பார்த்தார்கள். மலைச்சாமி அவர்களைப் பார்த்தார். விரல் இன்னும் மேலேயே நீண்டிருந்தது. மெதுவாக அதை மடக்கினார்.

பஞ்சம்மாள் உள்ளே வந்து மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தார். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்குத் தட்டுல வச்சுக் கொண்டாந்தீகளே, அந்தத் தட்ட மறந்து விட்டுட்டுப் போயிட்டீக. அதச் சொல்லலாம்னு வந்தேன்," என்றார்.

ஜெசிந்தாதான் பேசினாள். "ஒங்களுக்கு மெஷின் ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நாந்தானய்யா. என் மேல ஒங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமே இல்லத்தா," என்றார் மலைச்சாமி. உண்மையாகவே ஆச்சரியப்பட்ட குரலில் சொன்னார். "ஒம்மேல எனக்கு என்ன கோபம்? அவனத் திருடன்னு காட்டணும்னா நடுவுல ஒரு ஆளு வேணும்ல? நீ வேதக்காரப் புள்ள. நம்ம சாமி புத்தகத்த எடுத்துட்டன்னு சொன்னா ஊரு ரெண்டாவது கேள்வி கேக்காது. அதான்..."

எனக்குக் காது சூடேறியது. ஜோக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்த ஆளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் என்றிருந்தது. ஜெசிந்தா அந்தத் தாளைப் புத்தகத்துக்கு அடியிலிருந்து உருவினாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஊரறியச் சொன்னீக. ஊரறிய இல்லன்னு சொல்லணும். இல்லைன்னா இந்தத் தாளோட நான் போலீசுக்குப் போவேன்," என்றாள். அவளுக்கு இப்போதுதான் கண் கலங்கியது.

"எங்கத்தா சொல்லணும்?" என்றார் மலைச்சாமி ஈனஸ்வரத்தில்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "காலைல ஏழு மணிப் பூசை. மைக்கு எங்காளுகளே குடுப்பாக."

மறுநாள் ஜெசிந்தா ஊர்க் கோயிலில் முதல் வரிசையில், மொடமொடப்பான வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக மலைச்சாமி உட்கார்ந்திருந்தார். எப்போது எழுவது, எப்போது முழந்தாள் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரு நொடி தாமதமாக எழுந்தார். ஃபாதர் மூன்றாவது ஓலையை வாசித்து முடித்தார்.

"இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

மலைச்சாமி எழுந்தார். கோயில் மூச்சை இழுத்துப் பிடித்தது. எனக்கு முன் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இந்தப் புள்ள திருடுச்சுன்னு சொன்னது நாந்தான். அது பொய். புத்தகத்த எடுத்தது நான். புள்ள கை சுத்தம்."

அவர் உட்காருவதற்குள் பின்வரிசையில் இன்னொரு குரல். நாகராஜ்! யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியவில்லை.

"சாமி, இத மொதல்ல சொல்லணும்னு வந்தது நாந்தான்! விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருக்கேன். கம்பம் நாகராஜ் ஞானச்சுரங்கம் சார்பா, இந்தப் புள்ள ரொம்ப நல்ல புள்ள!"

மலைச்சாமி திரும்பினார். "நான் சொல்லி முடிச்சாச்சுல்ல, ஒக்காருய்யா!"

"நீரு திருடிட்டுச் சொல்றீரு. நான் திருடாமச் சொல்றேன். எது ஒசத்தி?"

"இருவரும் உட்காருங்கள்," என்றார் ஃபாதர். "நான் கேட்டது தடையை."

பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் குலுங்கின. செபஸ்தியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவுக ரெண்டு பேரும் பொண்ணுக்கு என்ன ஒறவு?"

"பங்காளிகங்கய்யா," என்றேன். "சொத்து பூரா ஞானம். அதான் பாகப் பிரிவினைல தகராறு."

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். பிறகு, "யாரா இருந்தா என்ன? இம்புட்டுத் தூரம் வந்து பொண்ணு நல்ல பொண்ணுன்னு சண்ட போடுறாகளே," என்று தன் மனைவியிடம் சொன்னார். எனக்குப் பக்கத்தில் அக்கா, கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தான் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகவும், நல்ல குடும்பம்தான் என்றும் என் காதில் சொன்னார்.

ஃபாதர் மறுபடியும் கேட்டார். "வேறு யாருக்காவது தடை உண்டா?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நேரம் குனிந்தே இருந்த ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.